பிள்ளைகளுக்குச் சொத்து எழுதி வைக்கப் போறீங்களா?

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது, 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட் நிசான் ஆலை திறந்தது. அதற்கப்புறம் நம்ம பக்கம் ஏரிக்கரைப் புன்செய்கூட லைன் வீடு கட்டி வாடகை வாங்கும் சொத்தாகிவிட்டது. அதைப் பிள்ளைகள் பேருக்கு மாற்றுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. நகையைக் கையில் கொடுத்தாலே தானம் முடிந்தது. வீடு, மனைக்கு அப்படி இல்லை. 1882-ஆம் வருஷச் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி கொடுப்பவர் கையெழுத்தும், இரண்டு சாட்சிகளும், பதிவும் வேண்டும். இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி பீரோவில் வைத்தால் செல்லாது.

2. குடும்பத்துக்குள் எழுதும் தான செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. வழிகாட்டி மதிப்பு 60 லட்சம் உள்ள மனைக்கு 50,000-த்தில் வேலை முடியும். இதையே கிரயமாக எழுதினால் 9 சதவீதம், அதாவது 5,40,000!

3. அந்தச் சலுகை அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்களுக்குத்தான். மருமகன் பேரில் எழுத நினைத்தால் மகள் பேரிலேயே எழுதிவிடுங்கள்.

4. எழுதிக் கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே வாங்குபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். ‘இந்தத் தானத்தை மனப்பூர்வமாக ஏற்றுக்கொள்கிறேன்’ என்று பத்திரத்திலேயே ஒரு வரி சேர்த்து, மகனையோ மகளையோ கையெழுத்துப் போட வையுங்கள். பின்னால் பங்காளி யாரும் கேள்வி கேட்க இடமிருக்காது.

5. பெரியவர்களே, இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். ‘என் ஆயுள்வரை நானும் என் மனைவியும் இந்த வீட்டில் குடியிருந்து வாடகையையும் அனுபவித்து வருவோம்’ என்று எழுதலாம். சுவாதீனம் கொடுக்காததாலேயே தானம் கெடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொல்லிவிட்டது. கூடவே ‘எங்களுக்குச் சாப்பாடு, மருத்துவம், பராமரிப்பு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்’ என்றும் எழுதச் சொல்லுங்கள். அறுபது வயது தாண்டியவரைப் பிள்ளை கைவிட்டால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்து, பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்க அந்த வரிதான் கைகொடுக்கும். பத்திர எழுத்தர் ‘அதெல்லாம் எதுக்குப் பெரியவரே’ என்றாலும் விடாதீர்கள்.

6. மனசு மாறினால் நாமே போய் ரத்துப் பத்திரம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஒருதலைப்பட்சமான ரத்து செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-ல் தீர்ப்பளித்திருக்கிறது. முடிவு எடுக்கத் தயங்கினால் உயிலே மேல்; அதற்கு முத்திரைத் தீர்வையும் கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

7. ‘மேலே இனி கட்டப்போகும் மாடியும்’ என்று சேர்க்காதீர்கள். இன்றைக்கு இருப்பதை மட்டும்தான் தானம் செய்ய முடியும்.

8. பாட்டன் சொத்தில் பாகம் பிரியாமல் அப்பா மட்டும் ஒரு பிள்ளைக்குத் தானம் எழுதினால் வழக்கு நிச்சயம். 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் சமபங்கு உண்டு, அதனால் முதலில் பாகப்பிரிவினையை முடியுங்கள்.

9. உங்கள் மனை பஞ்சமி நிலமா என்று பழைய பதிவேட்டையும் பார்த்துவிடுங்கள். அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் ட்ரமென்ஹீர் அனுப்பிய அறிக்கையால் 1892-ல் பட்டியல் மக்களுக்கென்று உருவானது பஞ்சமி நிலம். அதைப் பிறருக்குத் தானமாகவும் எழுத முடியாது.

10. பத்திரம் கைக்கு வந்ததும் பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றையும் ஒரே வாரத்தில் பெயர் மாற்றுங்கள். அப்பா வாங்கிய பழைய கிரயப் பத்திரத்தையும் பத்திரப்படுத்துங்கள். நாளை விற்கும்போது அவர் கொடுத்த விலையை வைத்துத்தான் வருமான வரிக் கணக்கு போடுவார்கள்.