பொது மருத்துவ டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்



மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டில் "பொது மருத்துவம்" என்று எழுதி அனுப்புகிறார்களே, அங்கே உட்கார்ந்திருப்பவர் யார்? "எல்லாத்துக்கும் பொதுவா மாத்திரை எழுதறவர்" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடம் எம்.பி.பி.எஸ்., அதற்கு மேல் 3 வருடம் எம்.டி. படித்தவர் அவர். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இருதயம், ஈரல், விடாத காய்ச்சல், பாம்புக்கடி எல்லாம் அவர் பார்ப்பதுதான். கத்தி எடுக்க மாட்டார். அவருக்குக் கேள்விதான் ஆயுதம். "ஊசி போடாம கேள்வியா கேக்கறாரே" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். பாதி நோய் பதிலிலேயே பிடிபடும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வீட்டில் மனைவி மாலா-என் கருத்தடை மாத்திரை சாப்பிட்டு வருகிறார். இருமல் விடவில்லை, சளியைச் சோதித்ததில் காசநோய் என்று தெரிகிறது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்து கருத்தடை மாத்திரையின் வேகத்தைக் குறைத்துவிடும். சிறுநீர் சிவப்பாகப் போவதும் அந்த மருந்தினால்தான், பயப்பட வேண்டாம். ஆனால் மாத்திரையை நம்பி இருந்தால் கரு தங்கிவிடக்கூடும். டாக்டரிடம் சொன்னால் வேறு முறைக்கு மாற்றுவார். மாற்றும் வரை கணவர் நிரோத் உபயோகிக்கட்டும். காசநோய் மருந்தை மட்டும் எக்காரணத்தாலும் நிறுத்தக் கூடாது. மாமியார் பக்கத்தில் நிற்கிறாரே என்று கூச்சமா? நர்சம்மாவிடம் தனியாகச் சொல்லுங்கள், அவர் டாக்டரிடம் சொல்லிவிடுவார்.

அதேபோல, பிரஷர் மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் உடனே தெரிவிக்க வேண்டும். எனாலபிரில் போன்ற சில மாத்திரைகள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. நீங்களாக நிறுத்தாதீர்கள், அவர் மாற்றித் தருவார். சின்ன வயதில் மூட்டுவலியோடு காய்ச்சல் வந்து, இப்போது ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்குகிறதா? பிள்ளை உண்டாவதற்கு முன்பே இருதயத்தைக் காட்டிவிடுங்கள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. குடிப்பழக்கம் இருந்தால் எவ்வளவு, எத்தனை வருஷமாக என்று உள்ளபடி சொல்லுங்கள். மனைவிமார்களும் மானம் போகும் என்று மூடி மறைக்க வேண்டாம். தினமும் குடித்தவர் வார்டில் சேர்ந்து குடி நின்றதும், இரண்டு மூன்று நாளில் கை கால் நடுங்கி, இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவார். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போய்விடுகிறார்கள்! உயிர் போகிற ஆபத்து அது. முன்னமே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுக்கலாம்.

போகும்போது பழைய சீட்டு, சாப்பிடுகிற மாத்திரை அட்டை, நாட்டு மருந்துப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்றாலும், டாக்டர் வரச்சொன்ன நாளில் போய்த்தான் ஆக வேண்டும். நெஞ்சை அழுத்தி வலித்து, வியர்த்துக் கொட்டினால் மட்டும் ஓ.பி. நேரம் பார்க்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.