வெறுந்துப்பாக்கியில் கற்கும் வித்தை

சிரஞ்சீவி ராகவனுக்கு,

தான்சானியாவில் வேட்டை வழிகாட்டி ஒருவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் நீ, முப்பது-நாட்-ஆறு துப்பாக்கியில் பிசகாமல் விழுந்த குறி, 375 என்னும் பெரிய துப்பாக்கியைக் கையில் எடுத்தவுடன் ஓரடி கீழே இறங்கிவிடுகிறதென்றும், அதற்குத் துப்பாக்கியின் மேலே பொருத்திய டெலஸ்கோப்பே காரணமோ என்றும் எழுதியிருக்கிறாய். அதன்மேல் பழி போடுமுன் சற்று நிதானமாக யோசி.

லண்டன் ஹாலண்டு அண்டு ஹாலண்டு கம்பெனியார் 1912-இல் வெளியிட்ட அந்த 375 தோட்டா, முப்பது-நாட்-ஆறைவிட ஏறக்குறைய இரு மடங்கு வலுவுடன் தோளில் உதைக்கும் என்பது மெய்யே. ஆயினும், தோள் அந்த உதையை உணர்வதற்குள் குண்டு குழலை விட்டுப் போய்விடுகிறது. ஆகையால் வாங்கிய உதை குறியைக் கெடுப்பதில்லை. வரப்போகும் உதையை எண்ணி மனம் முன்கூட்டியே கொள்ளும் பயந்தான், விரலை வெடுக்கென்று இழுக்கவும், கண்களை மூடவும், தோளை முன்னே தள்ளவும் செய்து, குழல்வாயைத் தாழ்த்திவிடுகிறது.

இதைப் பிரத்தியட்சமாகக் காண ஓர் உபாயம் உண்டு. சுடும் மைதானத்தில், உன் தோழர் நீ பாராதபடி சில வேளை மெய்த்தோட்டாவும் சில வேளை மருந்தில்லாத போலித்தோட்டாவும் இட்டுத் தரட்டும். போலி வாய்த்த தருணத்தில், 'டிக்' என்ற ஓசையோடு குழல்வாய் குனிந்து எழுவதை நீயே பார்ப்பாய். அப்போது டெலஸ்கோப் நிரபராதி என்பது விளங்கும்.

பயத்தைப் போக்கப் பெரிய துப்பாக்கியால் மேலும் மேலும் சுடுவது, புண்ணைக் கீறி ஆற்ற முயல்வதற்கு ஒப்பானது. தினந்தோறும் தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துவிட்டு, குழல் காலியாயிருப்பதைக் கண்ணாலும் விரலாலும் பரிசோதித்து, திடமான சுவரை நோக்கிக் குறிவைத்து, விசையை மெல்ல மெல்ல அழுத்திப் பழகு. மைதானத்தில் பெரும்பகுதி 22 சிறுதுப்பாக்கியாலேயே சுடு. 375-க்கு ஒரு நாளில் சில தோட்டாக்களே போதும், அவையும் காதடைப்பு அணிந்து, நின்ற நிலையில். நிற்பவனுடைய உடல் உதையோடு பின்சாய்ந்து அதன் கடுமையைத் தணித்துக்கொள்ளும். மேஜைமேல் ஊன்றியோ குப்புறப் படுத்தோ சுடுகிறவனுக்கு அந்த வசதியில்லை, டெலஸ்கோப் விளிம்பு புருவத்தைக் கிழிப்பதும் பெரும்பாலும் அப்போதுதான்.

டபிள்யூ. டி. எம். பெல் என்ற ஸ்காட்லாந்து வேட்டைக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைப் பெரும்பாலும் 275 ரிக்பி என்னும் சிறிய துப்பாக்கியாலேயே வீழ்த்தினார். அத்தனை யானைகள் மாண்டதை நான் கொண்டாடவில்லை. ஆனால் யானையின் மண்டையோட்டை அறுத்து மூளையின் இருப்பிடத்தை ஆராய்ந்த அவருடைய சிரத்தையை நீ மதிக்க வேண்டும். குண்டின் பருமனைவிட அது விழும் இடமே பிரதானம். இடம் தவறினால், காயம்பட்ட காட்டெருமை புதருக்குள் மணிக்கணக்கில் வேதனைப்படும். அதைத் தேடித் தடம் பார்த்துச் செல்பவரின் உயிருக்கும் ஆபத்து.

ஆதலால், போலித்தோட்டா வாய்க்கும்போது உன் குழல்வாய் அசையாமல் நிற்கும் காலம் வரும்வரை, எந்தப் பிராணியின்மீதும் அந்த 375-ஐ நீட்டாதே.

இப்படிக்கு,
உன் பெரியப்பா