விரிதாளில் விவரப் பதிவும் திருத்தமும்

ஆந்திரப் பிரதேசம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் கூடும் எல்லைப் பகுதியில், சித்தூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது குப்பம். 2002ஆம் ஆண்டில் ஹியூலெட்-பேக்கர்டு நிறுவனமும் ஆந்திரப் பிரதேச அரசும் இணைந்து இங்கு ‘ஐ-கம்யூனிட்டி’ என்னும் மூன்றாண்டுத் திட்டத்தைத் தொடங்கின. மக்கள் கணிப்பொறியைப் பயன்படுத்துவதற்கான தகவல் மையங்கள் அதன்கீழ் அமைந்தன. பின்னர், 2019 அக்டோபர் 2ஆம் நாள் அம்மாநிலத்தில் கிராமச் செயலகங்கள் தொடங்கப்பட்டபோது, கணிப்பொறிப் பணிக்கெனத் தனி உதவியாளர் பணியிடமும் ஏற்படுத்தப்பட்டது.

கணிப்பொறி கிராமத்தை அடைந்துவிட்டது. ஆனால், அதில் பதியப்படும் விவரம் பிழையாக இருப்பின், உதவி உரியவரைச் சென்றடையாது. தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகிய மும்மொழியும் வழங்கும் குப்பம் போன்ற பகுதியில் ஒருவரது பெயரே பலவாறு எழுதப்படுவதுண்டு. எனவே, நில அளவை எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றைக் கொண்டே பயனாளியை உறுதி செய்ய வேண்டியுள்ளது. அவ்வெண்கள் பிழையின்றி இருப்பது இன்றியமையாதது.

நுண்ணறையின் இயல்பு

டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் ஆகிய இருவரும் உருவாக்கிய ‘விசிகால்க்’ 1979ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. இன்றைய விரிதாள்களுக்கு அதுவே முன்னோடி. விரிதாளில் நெடுவரிசையும் கிடைவரிசையும் சந்திக்கும் கட்டமே நுண்ணறை. அது மூன்று வகை உள்ளீடுகளை ஏற்கும்: எண், எழுத்து, வாய்ப்பாடு. அறையில் கண்ணுக்குத் தெரிவது ஒன்றாகவும், உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது வேறாகவும் இருக்கலாம் என்பதை மாணவர்கள் முதற்கண் உணர வேண்டும்.

எண்ணா, எழுத்தா?

நில அளவை எண் 12, உட்பிரிவு 3 என்பதை ‘12/3’ எனத் தட்டினால், எக்செல் போன்ற மென்பொருள் அதனை மார்ச் 12 எனக் கொள்கிறது. 1900 ஜனவரி 1 முதல் எண்ணப்படும் நாள் வரிசை எண்ணே உள்ளே பதிவாகிறது. 2025ஆம் ஆண்டில் இவ்வாறு தட்டியிருந்தால், அறையில் இருப்பது 45728. பின்னர் அறையின் வகையை ‘எழுத்து’ என மாற்றினாலும் 12/3 மீளாது. 45728 என்பதே தோன்றும். வங்கிக் கணக்கு எண்ணின் தொடக்கச் சுழியங்களும் இவ்வாறே மறைந்துவிடும். 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணில் எஞ்சிய இலக்கங்கள் சுழியமாகிவிடும்.

இதற்குத் தீர்வு எளிது. பதிவைத் தொடங்குமுன் அந்த நெடுவரிசை முழுவதையும் ‘எழுத்து’ வகையாக அமைத்துவிட வேண்டும். கூட்டவோ கழிக்கவோ தேவைப்படாத எண்களை எழுத்தாகவே பதிய வேண்டும் என்பது பொது விதி.

கணக்கிட வேண்டியவற்றுக்கு இதன் மறுதலை பொருந்தும். ‘2 ஏக்கர் 4 சென்ட்’ எனச் சொற்களுடன் பதிந்தால், கூட்டல் வாய்ப்பாடு அதனை விட்டுவிடும். 100 சென்ட் ஓர் ஏக்கர் ஆதலால், 2.04 எனப் பதிவதே முறை. 2.4 என எழுதினால் அது 2 ஏக்கர் 40 சென்ட் ஆகிவிடும். ஏக்கர் என்னும் அலகு தலைப்பில் மட்டும் இடம்பெற வேண்டும்.

வெற்றறையும் சுழியமும் ஒன்றல்ல. மூன்று குடும்பங்களின் நிலம் முறையே 4, 0, 2 ஏக்கர் எனில் சராசரி 2. நிலமற்ற குடும்பத்தின் அறையை வெறுமையாக விட்டால் சராசரி 3 ஆகிறது. நிலமற்றவர் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறார்.

திருத்தும் முறை

நிரம்பிய அறையில் நேரடியாகத் தட்டினால் பழைய பதிவு முழுவதும் அழியும். ஒரு பகுதியை மட்டும் திருத்த, எக்செல்லில் எஃப்2 விசையை அழுத்தியோ அறையை இருமுறை சொடுக்கியோ உள்ளே செல்ல வேண்டும். என்டர் விசை திருத்தத்தை உறுதி செய்யும். அதற்கு முன் எஸ்கேப் விசையை அழுத்தினால் பழைய பதிவே நிலைக்கும். வாய்ப்பாடு உள்ள அறையில் எண்ணைத் தட்டிவிட்டால் வாய்ப்பாடு நீங்கிவிடும். பிறகு மற்ற அறைகள் மாறினாலும் அந்த எண் மாறாது. ஆகவே, அத்தகைய அறைகளைப் பூட்டி வைத்தல் நலம்.

அடங்கல் போன்ற காகிதப் பதிவேட்டில், பழைய எண் படிக்கத் தெரியுமாறு அடித்துவிட்டு, அருகில் சுருக்கொப்பம் இடுவது அலுவலக வழக்கம். சாதாரண விரிதாளில் அத்தகைய தடயம் தானாக அமைவதில்லை. எனவே மூலக் கோப்பைத் தனியே காத்து, பழைய மதிப்பு, புதிய மதிப்பு, திருத்தியவர், நாள், காரணம் ஆகியவற்றை வேறொரு தாளில் குறித்தல் வேண்டும்.

பிற நாடுகளின் படிப்பினை

இத்தகைய பிழைகள் வல்லுநர்களையும் விட்டுவைக்கவில்லை. சில மரபணுக்களின் குறியீடுகளை விரிதாள்கள் தேதிகளாக மாற்றிவந்ததால், 2020ஆம் ஆண்டு வெளியான பெயரிடல் நெறிகளின்படி அக்குறியீடுகளே மாற்றப்பட்டன. பொதுக் கடன் குறித்து ரெயின்ஹார்ட், ரோகாஃப் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், வாய்ப்பாட்டின் எல்லை தவறியதால் ஐந்து நாடுகள் சராசரியில் சேராமற் போயின. இதனுடன் வேறு குறைகளையும் நீக்கி 2013இல் மீண்டும் கணக்கிட்டபோது, கடன் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி -0.1 சதவீதத்திலிருந்து 2.2 சதவீதமாக மாறியது.

திட்டமிடுதலின் அடித்தளம் புள்ளிவிவரம். ஒவ்வோர் அறைக்குப் பின்னும் ஒரு குடும்பம் இருக்கிறது. பதிந்தவர் ஒருவர், மூல ஆவணத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பவர் மற்றொருவர் என்னும் பழைய அலுவலக நடைமுறையை விரிதாளிலும் கைக்கொள்வது அக்குடும்பத்தின் உரிமைக்குப் பாதுகாப்பாகும்.