இறுதிக் காலத்தில் நோவு தணித்தல்

தீவிர சிகிச்சைப் பிரிவில், இனிப் பிழைத்தல் அரிது என்று மருத்துவர் கூறிய பின்னர், நோயாளிக்கு மார்பின் செலுத்தலாமா என்னும் வினா எழுகின்றது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் அதற்கு இசையலாமா என்று நம் இல்லத்தார் பலர் அஞ்சுகின்றனர். இதனை முறையாக ஆராய்வோம்.

முதற்கண், இருவகை மருந்துகளைப் பிரித்தறிதல் வேண்டும். மார்பின், ஃபென்டனில் போன்றவை நோவைத் தணிப்பன. மார்பின் மூச்சுத் திணறலின் துன்பத்தையும் குறைக்கும். மிடசோலம் போன்றவை பதற்றத்தை அடக்கி உறக்கம் தருவன. அவை நோவை நீக்கா. நோவுள்ளவர்க்கு உறக்க மருந்தை மட்டும் தந்தால், வெளியே அமைதி தோன்றும். உள்ளே நோவு இருக்கும்.

சுவாசக் குழாய் பொருத்தப்பட்டவர் பேச இயலார். அவர்தம் நோவை அறிய 2001இல் பிரெஞ்சு மருத்துவர்கள் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். முகக்குறிப்பு, கைகளின் அசைவு, சுவாசக் கருவியோடு இயைதல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 4 வரை மதிப்பெண் இடுவர். கூட்டுத்தொகை 3 எனில் நோவின் குறி இல்லை. 12 எனில் மிக்க நோவு.

இக்குறிகளைப் பார்த்தே மருந்தைச் சிறிது சிறிதாக உயர்த்துவர்; நோவு தணிந்ததும் நிறுத்துவர். இதன் நோக்கம் துன்பம் நீக்கலே. உயிர் போக்கும் நோக்கில் மருந்து செலுத்துதல் நம் நாட்டில் குற்றமாகும். தத்துவார்த்த சூத்திரமும் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிர்க்கு ஊறு செய்தலோடு, அதற்கு ஏதுவாகிய பிரமத்த நிலையையும் சேர்த்தே கூறுகின்றது. ஆதலின், அருளால் அளவறிந்து தருவது இம்சையாகாது. அளவறியாது தருவது நமக்கு ஏலாது.

இதனைச் சல்லேகனையோடு மயங்கக் கொள்ளலாகாது. அது தெளிந்த அறிவோடு தாமே ஏற்கும் நோன்பு. எனினும் ஒரு பொதுச் செய்தி உண்டு. இறுதி வரை விழித்திருந்து பஞ்ச நமஸ்காரம் கேட்க விரும்புவோர், சிறிது நோவு எஞ்சினும் உறக்க மருந்தைக் குறைக்குமாறு வேண்டலாம். இவ்விருப்பத்தை நலமாயிருக்கும்போதே தெரிவித்தல் நன்று. முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தலை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9இல் ஏற்றது. 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடம் சான்று பெற்றால் போதும்.

மருத்துவரிடம் நாம் கேட்க வேண்டுவன மூன்று:

1. தரப்படுவது நோவு தணிக்கும் மருந்தா, உறக்க மருந்தா?
2. நோவை எக்குறிகளால் அளக்கின்றீர்கள்?
3. விழிப்பும் நோவுத் தணிவும் ஒருங்கே இயலுமா?

இவற்றை இல்லத்தில் ஒருமுறை பேசி வைப்போமாயின், அந்நாளில் அச்சத்தால் ஒருவரை நோவில் விட்டுவிடும் நிலை நமக்கு நேராது.