கல்லீரல் புற்றுநோயும் வலியும்

கல்லீரலின் உள்ளே வலியுணர்ச்சி இல்லை. அதன் மேலுறைக்கு உண்டு. புற்றுக்கட்டி வளர்ந்து உறை விரியும்போது வலி பிறக்கிறது.

அக்கட்டிக்குக் குருதி பெரும்பாலும் ஈரல் தமனி வழியே செல்கிறது. ஆகவே அத்தமனியில் மருந்து செலுத்தி, வழியை அடைப்பது ஒரு மருத்துவமுறை. அதன்பின் சில நாள் வலியும் காய்ச்சலும் குமட்டலும் வருவதுண்டு.

மருந்தைச் சிதைப்பது கல்லீரலின் பணி. அது நலிந்தால் மருந்து உடலில் தேங்கும். எனவே பாராசிட்டமாலைக்கூட மருத்துவர் அளந்தே தருவர். இபுப்ரோஃபென் குருதிக்கசிவையும் சிறுநீரகக் கேட்டையும் விளைக்கக்கூடும். அதைத் தாமாகக் கடையில் வாங்கி உண்ணுதல் தகாது. கடும் வலிக்கு மார்ஃபினைக் குறைந்த அளவில், இடைவெளி நீட்டித் தருவர். 1986இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வலிநீக்கப் படிகளில் அது மேற்படி. 2014இல் நம் நாட்டுச் சட்டத்திருத்தம் அதைப் பெறுவதை எளிதாக்கிற்று. போதைப் பழக்கம் வருமென்று அஞ்சி மறுக்க வேண்டா.

சித்தூர்ப் பக்கத்திலிருந்து திருப்பதிக்கு மருத்துவம் பார்க்க வரும் தமிழர் சிலருக்கு நான் தெலுங்கில் துணைநின்றதுண்டு. வலியைக் கேட்டால், "பொறுத்துக்கொள்கிறேன்" என்பார்கள். அவ்விடையால் மருந்தின் அளவு அமையாது. "பத்துக்கு எத்தனை?" என்று கேட்டு, அவ்வெண்ணை மருத்துவரிடம் சொல்லுங்கள். இருமொழி அறிந்த நாம் செய்யக்கூடிய தொண்டு அது.