யோபுவின் இரண்டு அச்சங்கள்

கேள்வி: யோபு கடவுளுக்கு அஞ்சி நடந்தவர் என்கிறது முதல் அதிகாரம். மூன்றாம் அதிகாரத்திலோ, தாம் அஞ்சியதே வந்துவிட்டதாக அவர் புலம்புகிறார். இரண்டும் ஒரே அச்சமா?
- வாசகர், தோவாளை

பதில்: இல்லை. தமிழில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் எபிரேயத்தில் சொற்கள் வேறு. முதல் அதிகாரத்தில் வருவது 'யாரே'. பயத்தோடு பக்தியும் மரியாதையும் அதில் அடங்கும். மூன்றாம் அதிகாரம் 25ஆம் வசனத்தில் முதலில் 'பாகத்', திடுக்கிட வைக்கும் அச்சம். அடுத்து வருவது 'யாகோர்'. இது அபூர்வமான சொல். வினைச்சொல்லாக எபிரேய வேதத்தில் ஐந்தே இடங்களில்தான் உண்டு. உபாகமம் 28:60இல் எகிப்தின் நோய்களைக் குறித்து, சங்கீதம் 119:39இல் நிந்தையைக் குறித்து. வந்துவிடுமோ, வந்துவிடுமோ என்று மனம் முன்கூட்டியே நடுங்குகிறதே, அதுதான் 'யாகோர்' என்பது என் துணிபு. பிள்ளைகளுக்காக விடியற்காலையில் பலியிட்ட தகப்பனுக்கு அந்த நடுக்கம் இருந்திருக்கும்தானே!

உங்கள் ஊருக்கும் யோபுவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. கால்நடைகளையும் செல்வத்தையும் இழந்து வாடிய நீலகண்ட பிள்ளைக்கு டச்சுத் தளபதி டிலனாய் சொன்னது யோபுவின் கதை என்பது மரபு. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று அவர் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் புனிதர் பட்டம் பெற்றார்.

அடுத்த முறை காற்றாடிமலைக்குப் போகும்போது, யோபு மூன்றாம் அதிகாரத்தை அங்கே உட்கார்ந்து ஒருமுறை நிதானமாக வாசியுங்கள்.