லொறி ரேடியோவை மாற்றுமுன்...

சரக்கேற்ற நான் வாங்கிய ஜப்பான் லொறியில் கம்பனி ரேடியோ இருந்தது. ஆனால், நமது நிலையங்கள் பல அதில் கேட்கவில்லை. பழுது என்று நினைத்தேன், பழுதல்ல. ஜப்பானின் பழைய எப்.எம். ரேடியோக்கள் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையே பிடிக்கும். நமது ஒலிபரப்போ 108 வரை செல்கிறது.

புதிய செட் வாங்கினேன். அது 12 வோல்ட். லொறி 24 வோல்ட். பொருத்தியவர் இரண்டு பெட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்துத் தந்தார். கன்வேர்ட்டர் செலவு மிச்சம் என்று மகிழ்ந்தேன். சில மாதங்களில் அந்தப் பெட்டரி இறங்கியது. மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிக் கெட்டது. ஓர் அதிகாலை லொறி ஸ்டார்ட் ஆகவில்லை. அன்றைய வியாபாரமும் போயிற்று, இரண்டு பெட்டரிகளும் போயின.

பின்னர் 24இலிருந்து 12 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வேர்ட்டரும் பியூசும் பொருத்தினேன். காகிதம் கிழிந்திருந்த ஸ்பீக்கர்களையும் மாற்றினேன். செட் பெட்டியில் உள்ள ‘50 வாட்ஸ்’ உச்ச அளவு மட்டுமே. ஸ்பீக்கரைத் தெரிவுசெய்ய ஆர்.எம்.எஸ். அளவையே பாருங்கள்.

எனவே வியாபார நண்பர்களே, கடைக்குப் போகுமுன் லொறியின் வோல்ட், ரேடியோவின் அலைவரிசை, ஸ்பீக்கரின் நிலை மூன்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கன்வேர்ட்டரையும் சேர்த்தே விலை கேளுங்கள்.